குண்டு வீட்டின் பின்வாசல்

நான் வளர்ந்த வீட்டுச் சுவரில் ஆணி இறங்காது. கல்மண்டபத்தைத் தாண்டி, துறைமுகத்துக்குள் போகும் ரயில் தண்டவாளத்தை ஒட்டி, உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பதுங்கறை அது. விமானம் வந்து குண்டு போட்டால் துறைமுகத்து ஆட்கள் ஓடி ஒளிவதற்காகக் கட்டியது. ஒரு ரயில் பெட்டி நீளம் இருக்கும். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர், தலைக்கு மேலே கான்கிரீட். ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டிக் கை நுழைகிற அளவில் நாலைந்து காற்றுத் துளைகள் மட்டும். ஆணியை வைத்து அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் தெறித்து முகத்துக்கு வரும். அதனால் சாமி படம், காலண்டர், கண்ணாடி எல்லாமே தரையில் சுவரோடு சாய்ந்து நின்றன. தலை வார வேண்டுமென்றால் கண்ணாடிக்கு முன்னால் குந்த வேண்டும்.

தெருவில் அதற்குக் குண்டு வூடு என்று பெயர். என்னைக் குண்டு வூட்டுப் பொண்ணு என்பார்கள். நான் ஈர்க்குச்சி மாதிரி இருந்ததால் கேட்கிறவர்களுக்கு அது பெரிய சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சிரித்த ஒருத்தியின் காதைக் கடித்து வைத்திருக்கிறேன். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேறு விஷயம் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த அறைக்குள் ஓடி யாராவது உயிர் தப்பினார்களா என்று தெருவில் பலரிடம் விசாரித்திருக்கிறேன். ஒருவரும் இல்லை. அபாயச் சங்கு ஊத ஆரம்பித்ததுமே பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்களாம். மிச்சப் பேருக்கு உள்ளே நுழையப் பயமாம், புழுக்கத்தில் மூச்சு நின்றுவிடும் என்று. சண்டை முடிந்த பிறகு கப்பல் கயிறும் தார்ப்பாயும் போட்டு வைக்கிற கிடங்காயிற்று. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கயிற்றுக்குக் காவலாக இங்கேயே படுத்துக்கோ என்று ஒரு மேஸ்திரி சொன்னார், அப்பா படுத்தார். பிறகு அம்மா வந்தாள், அண்ணன் பிறந்தான், நான் பிறந்தேன். கயிறு எப்போது போனது, நாங்கள் எப்போது அங்கே குடியிருப்பவர்கள் ஆனோம் என்பதற்கெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இரண்டு வாசல்கள் உண்டு, ஒரு பக்கம் இடிந்து மூடிக்கொண்டால் மறுபக்கம் தப்பிக்க. முன்வாசலுக்கு நேரே ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர், குண்டுச் சிதறல் நேராக உள்ளே பாயாமல் இருப்பதற்காக. ஒருக்களித்துத் திரும்பித்தான் உள்ளே போக முடியும். கட்டில், பீரோ எதுவும் நுழையாது. பின்வாசலிலும் அப்படி ஒன்று இருந்ததாம். அது வெறும் செங்கல் என்பதால், கயிற்றுச் சுருள்களை உருட்டிக்கொண்டு வருவதற்காகக் கிடங்குக்காரர்கள் இடித்துவிட்டார்கள். அப்பா செத்தபோது, பின்பக்கமாக எடுத்தால் சுலபம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா விடவில்லை. குடும்பத்துக்குத் தலைவர் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றாள். தடுப்புச் சுவரைத் தாண்டப் படுத்தவாக்கில் வழியில்லை. நாலு பேர் பிடித்து அவரை நிற்க வைத்துத் திருப்பினார்கள். வேலைக்குக் கிளம்புகிறவரைப் போல நின்றபடியே போனார்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் நடுவில் பிளைவுட் பலகை வைத்து அடைத்தோம். முன்பாதி அம்மாவுக்கும் எனக்கும். பின்பாதி அண்ணனுக்கும் அண்ணிக்கும். அவர்கள் பின்வாசலில் போய் வந்தார்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு. அண்ணனுக்கு ஒரு பெண் பிறந்தாள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, மூன்று வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் என்று அம்மா கேட்டாள், அக்கம்பக்கம் கேட்டது. அண்ணி கேட்கவில்லை. பின்பக்கமிருந்து ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "மொதல்ல துன்னு, அப்பால அயுதுக்கலாம்" என்றாள். நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது அந்தத் தட்டில்தான் உறுதியாயிற்று என்று இன்றும் நினைக்கிறேன்.

அண்ணன் டிரெய்லர் ஓட்டினான். துறைமுகத்துக்குள் கன்டெய்னர் இறக்க எண்ணூர் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது எல்லோருக்கும் தெரியும். சில சமயம் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம். ஒரு சித்திரை மாத மத்தியானம் வரிசை நகர்ந்தது, அவன் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். கடைசியில் ஒருவர் இறங்கி வந்து கதவைத் திறந்து பார்த்தபோது ஸ்டியரிங்கில் தலை வைத்து இருந்தான். மாரடைப்பு. எத்தனை மணிக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. அவனைச் சுற்றிலும் அத்தனை வண்டிகள், அத்தனை ஆட்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவருவதற்குள் பஞ்சாங்கம் பார்க்கிறவர் ஒருவர் வந்து அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவிட்ட நட்சத்திரமாம். எங்கள் ஜனங்களிடம் அடைப்பு என்று ஒன்று உண்டு. சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் பிணத்தை வீட்டு வாசல் வழியாக எடுக்கக்கூடாது. சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்து, உடனே அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும். அவிட்டம் என்றால் ஆறு மாதத்துக்கு அடைப்பு. இல்லாவிட்டால் பின்னாலேயே இன்னொரு உயிர் போகும் என்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ரோட்டுலதானே செத்தான். போய் எண்ணூர் ரோட்ட அடைங்க" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இவுளுக்கு எதுனா ஆச்சின்னா நீ வந்து பதில் சொல்லுவியா" என்று கேட்டாள்.

சுவரில் ஓட்டை போடலாம் என்று இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். குண்டு தாங்கக் கட்டின சுவரை அவர்கள் என்ன செய்ய முடியும்? அரை மணி நேரம் இடித்தார்கள், கையளவு காரை பெயர்ந்தது. வெயிலில் பிணம் தாங்காது. பஞ்சாங்கக்காரரே ஒரு வழி சொன்னார். பின்வாசல் தலைவாசல் அல்லவே, அதையே ஓட்டையாக வைத்துக்கொண்டு எடுத்துவிட்டு அடைத்துவிடலாம். அப்படித்தான் செய்தோம். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். கொத்தனார் சிமெண்டைக் குழைத்து, செங்கல் வைத்து, கீழேயிருந்து பின்வாசலை மூடிக்கொண்டு வந்தார். அண்ணி உள்பக்கம் குந்தியிருந்தாள். முதலில் அவள் கால் இருட்டில் போயிற்று, பிறகு மடி, பிறகு முகம். அவள் பக்கத்துக்கு வெளிச்சம் வந்ததே அந்த வாசல் வழியாகத்தான். நான் போய் பல்பைப் போட்டேன்.

பிளைவுட்டில் ஒரு ஆள் நுழைய வழி வெட்டி, அண்ணியும் அவள் பெண்ணும் எங்கள் முன்வாசலில் போய்வர ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் ஆனதும் அடைப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அந்தப் புதுச் செங்கல் சுவரில் ஆணி இறங்கியது. அந்த வீட்டிலேயே ஆணி இறங்குகிற ஒரே இடம். அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அங்கே மாட்டினேன். அம்மா தினமும் அதற்குப் பூ வைத்தாள். எங்கள் வீட்டில் தரையில் நிற்காமல் சுவரில் தொங்கிய முதல் படம் அதுதான். ஆறு மாதம் கழித்து, "இனி தொறந்துக்கலாமா" என்று அண்ணி கேட்டாள். "எம்புள்ளைய எங்க கொண்டு போயி வெக்கிறது?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அண்ணி போட்டோவைப் பார்த்தாள். அவள் புருஷன்தானே. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் பகல் முழுக்க அவள் பக்கம் பல்பு எரிந்தது. அவள் பெண் அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் ஐந்து வருஷம் படித்தாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு சின்னக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். மனு அடித்துத் தருவேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன். எந்த மனு எந்த மேஜையில் நிற்கும், எந்த வார்த்தை இருந்தால் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெருவில் யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும் முதலில் என்னிடம் வரும். படித்தவள் என்கிற மரியாதை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

துறைமுகத்துச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், தண்டவாளத்தை ஒட்டி இருக்கிற வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு வேறு இடத்தில் வீடு தருவார்கள் என்று பேச்சு வந்தது. இந்தப் பேச்சு பத்து வருஷமாக வந்துகொண்டிருந்ததால் யாரும் அசையவில்லை. ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆபீஸ் ஆள் ஒருவர் கையிலிருந்த தாளைக் காட்டி, "உங்க பக்கம் அடுத்த வாரம் கணக்கெடுப்பு மேடம்" என்றார். எதை வைத்துக் கணக்கு என்று கேட்டேன். "வாசல்தான். ஒரு வாசலுக்கு ஒரு நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு வீடு. கார்டு, ஆதாரெல்லாம் அப்புறம் சரிபார்க்கத்தான்" என்றார்.

தெருவில் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன், பேச்சு தானாகப் பரவிற்று. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் சுத்தியல் சத்தம். தகரச் சுவரிலும் ஓலைத் தட்டியிலும் வாசல் வெட்ட அரை மணி நேரம் போதும். கல்யாணமான பிள்ளைக்கு ஒன்று, தம்பி குடும்பத்துக்கு ஒன்று என்று ஆளாளுக்கு வெட்டினார்கள். எட்டடி அகல வீட்டுக்கு மூன்று வாசல் வந்தது. ஒருவர் வாசல் வெட்டிவிட்டு, மாட்டக் கதவில்லாமல் கேரம் போர்டைச் சாத்தி வைத்திருந்தார். எங்கள் அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தாள். "சுவர வெட்டிக்கினு குடும்பத்தையும் வெட்டிக்கிறானுங்கோ" என்றாள்.

அண்ணி எண்ணூர் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை செய்தாள். விடியும் முன் போய்ச் சாயங்காலம் வருவாள். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும். இரண்டாம் நாள் வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"தெருவுல அல்லாரும் வாசல் ஒடச்சிக்கினு கீறாங்களே. நம்ம பின்பக்கத்தத் தொறந்துட்டா இன்னா?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் சாதாரணப் பதில்தான். கொத்தனாரைக் கூப்பிட்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் என் மூளை என் தொழிலைச் செய்தது. புதிதாக இடித்த வாசல் பார்த்தவுடன் தெரிந்துவிடும், பொய் வாசல் என்று எழுதினால் விசாரணைக்குப் போகும், விசாரணை முடியும்வரை இரண்டு வீடும் கிடைக்காமல் நிற்கும், கடைசியில் இரண்டும் போகலாம். ஒரே வாசல் என்றால் ஒரு வீடு நிச்சயம். அம்மா பெயரில் வரும், அம்மாவுக்குப் பிறகு எனக்கு. டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு வேறு எங்கே இடம்? இதையெல்லாம் நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நொடியில் எல்லாம் உள்ளே ஓடி, வாய் தானாகப் பேசியது.

"வாசலெல்லாம் பாக்க மாட்டாங்க அண்ணி. ரேஷன் கார்டு பாத்துதான் போடுவாங்க. உங்களுக்குத்தான் தனிக் கார்டு கீதே."

"அப்ப இவுங்கோ ஏன் ஒடைக்கிறாங்கோ?"

"தெரியாம பண்றாங்க."

அவள் தலையாட்டினாள். மனு, கார்டு, ஆபீஸ் என்றால் நான் சொல்வதுதான் அவளுக்குச் சட்டம். கணக்கெடுப்பு அன்று விடியற்காலை வேலைக்குப் போகும்போது என்னை எழுப்பித் தன் கார்டைக் கையில் கொடுத்தாள். "வந்தாங்கன்னா காட்டு. லீவு போட்டா நாளிக்கி வராதேன்றான் கொட்டகைக்காரன்" என்றாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது.

பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஒரு டேப்லெட், இன்னொருவர் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. எங்கள் வீட்டைச் சுற்றி வந்து பின்பக்கம் செங்கல் அடைப்பைப் பார்த்து நின்றார்கள். "இது வாசலா இருந்ததா?" என்று டேப்லெட்காரர் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "அது சுவரு சார். உள்ளாற எம்புள்ள போட்டோ மாட்டிக்கீது" என்றாள்.

"எத்தனை குடும்பம்மா இருக்கீங்க?"

"ஒரே குடும்பந்தான் சார். எம்புள்ள செத்தப்புறமும் ஒரே குடும்பந்தான். நாங்க இன்னா அவுங்கள மாரியா?" என்று அம்மா தெருவைக் காட்டினாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். அந்த வார்த்தையில் அண்ணியின் வீடு போகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணியின் கார்டு என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது, வியர்வையில் அந்த பிளாஸ்டிக் கவர் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு 'அ' போட்டு இன்னொரு குடும்பம் என்று எழுதியிருக்கலாம். அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்கு அப்படிப் போட்டார். நான் எடுக்கவில்லை. அவர் நீட்டிய இடத்தில் அம்மா விரல் வைத்தாள், சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். தடுப்புச் சுவரில் சிவப்பாக ஒரு நம்பர் விழுந்தது.

பட்டியல் வந்தபோது அண்ணி பெயர் இல்லை. அம்மா பெயருக்குக் கீழே குடும்ப உறுப்பினராக இருந்தது. நான் அவளுக்காக மேல்முறையீட்டு மனு அடித்தேன். நல்ல மனு, என் தொழிலில் குறை வைக்கவில்லை. தனி வாசல் இல்லை என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. அப்படித்தான் வரும் என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

இடிக்கிற நாளில் எல்லோரும் சாமானோடு தெருவில் நின்றோம். தகர வீடுகள் அரை நாளில் போயின. எங்கள் வீட்டுக்கு வந்ததும் மிஷின் திணறியது. கூரையில் அடித்தால் கடப்பாரை முனை எகிறியது. ஆப்பரேட்டர் இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா ஸார் இத்த போயி வூடுன்றீங்கோ" என்றார். கடைசியில் பின்பக்கம் போனார்கள். செங்கல் அடைப்பில் ஒரே தள்ளு. மொத்தமாக உள்ளே விழுந்தது. புழுதி அடங்கியதும், அங்கே ஒரு வாசல் இருந்தது. கான்கிரீட் நிலையோடு ஒழுங்கான வாசல். அதன் வழியாகத் தண்டவாளம் தெரிந்தது, அந்தப் பக்கம் போன சரக்கு ரயில் தெரிந்தது. மற்றச் சுவர்களை இடிக்க நாலு நாள் பிடித்தது.

அண்ணி என் பக்கத்தில் நின்றிருந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "கார்டு பாத்துதான் போடுவாங்கன்னியே. அத்த உனுக்கு யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல சொன்னாங்க அண்ணி" என்றேன்.

எங்களுக்குக் கிடைத்தது கொடுங்கையூர் பக்கம் மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு ரூம், ஒரு சமையல் மேடை. காற்று திரும்பினால் குப்பைமேட்டுப் புகை நேரே வரும், ஜன்னல்கள் இருந்தும் சாத்தியே வைத்திருப்போம். அண்ணி அங்கே பதினொரு நாள் இருந்தாள். கூடத்தில் ஒரு ஓரமாகப் பாய் போட்டு, அவளும் பெண்ணும். பாத்திரத்தைக்கூட எங்களைக் கேட்டுத்தான் எடுத்தாள். பன்னிரண்டாம் நாள், மீஞ்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது, ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கிறேன் என்றாள். அம்மா அழுதாள், குடும்பத்தை உடைக்கிறாளே என்று திட்டினாள். அண்ணி பாயைச் சுருட்டிக் கட்டினாள். அண்ணன் போட்டோவை அவள் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. "வரேன் அத்தை" என்று பெண் மட்டும் சொன்னாள். படியிறங்கும்போது அந்தப் பெண்ணின் கையில் இருந்த சாக்குப் பையைத் தூக்கிவிட நான் எழுந்து போயிருக்கலாம். அரிசி உலை கொதித்துக்கொண்டிருந்தது என்று ஒரு சாக்கு.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தன் மருமகள் ரோசக்காரி, தனிக் குடித்தனம் கேட்டுப் போய்விட்டாள் என்றே அவள் மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அதையும் திருத்தவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். நான் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து யார் என்று கேட்டபோது அண்ணி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. வாங்க அண்ணி என்று சொன்னேனா என்றே நினைவில்லை.

"மீஞ்சூர்ல மனு அடிக்கிறவன் தப்புத் தப்பா அடிக்கிறான். ரெண்டு தபா திரும்பி வந்துட்ச்சி" என்றாள். "ஆதரவற்ற விதவை பென்சனுக்கு. கார்டு இன்னும் இந்த ஆபீசுலதான் கீது, இங்கதான் குடுக்கணும். நீ அடிச்சா நிக்கும்."

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படிக்கிறாள் என்றாள். அதற்கு மேல் இல்லை. பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். பெயர், வயது, புருஷன் பெயர், இறந்த தேதி எல்லாம் நான் கேட்காமலே அடித்தேன். விலாசம் மட்டும் கேட்டேன். பிறகு அந்த வரி வந்தது. இந்த மனுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிற வரி. ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கிறேன், பார்க்காமல் அடிப்பேன். என் கணவர் இறந்த பிறகு என்னை ஆதரிக்க உறவினர் எவரும் இல்லை. விரல் அங்கே நின்றுவிட்டது.

"இத்த எப்படிப் போடட்டும் அண்ணி?"

அவள் திரையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. "அல்லாருக்கும் இன்னா போடுவியோ அத்தயே போடு" என்றாள்.

போட்டேன். பிரிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, வரிசையில் இருந்தவர்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று, சொல்லிவிட்டேன். "கார்டு பாத்துப் போடுவாங்கன்னு யாரும் சொல்லல அண்ணி. நானாத்தான் சொன்னேன். வாசல்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்" என்றாள் அண்ணி. "அந்த ஆபீசுக்குப் போயிக் கேட்டுட்டுத்தான் மீஞ்சூர் ரயில் ஏறினேன்." தாளை எடுத்து மை காய இரண்டு தடவை ஆட்டினாள். "கையெழுத்து எங்க போடணும், காட்டு. ஆபீசுல அல்லாரும் சாப்புடப் போயிடப் போறாங்கோ."

காட்டினேன். போட்டுவிட்டு, எல்லோரும் கொடுக்கிற கூலியை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரில் ஆபீசுக்குள் போனாள்.